பானையின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்

போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியின் கடைசியில், "கொல்லையில் பழைய கல்லோ ஓடோ கிடைத்தால் எழுதுங்கள்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். குப்பம், பலமனேர், வேப்பனப்பள்ளி, நகரி என்று தமிழக-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுவதும் புதிய கற்காலம்தான், அதாவது கல்லைத் தேய்த்துக் கருவி செய்துகொண்டு, மாடும் பயிரும் வளர்த்து வாழ்ந்த காலம். மற்றக் கேள்விகளை எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொட்டுநீர்க் குழாய் பதிக்கக் கொல்லையில் பள்ளம் எடுத்தபோது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. ஒரு முனை அகலமாக, கூராக இருக்கிறது. மறுமுனை குறுகிப்போகிறது. அம்மா "இடிக்கல்" என்று சொல்லி முனியப்பன் மேடையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டார். படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன? — ஒரு விவசாயி, வேப்பனப்பள்ளி

தம்பி, படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அது கற்கோடரி. மெருகேற்றிய கற்கோடரி. உங்கள் கொல்லையில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் கையில் வைத்திருந்த கருவி.

இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கும் கல் என்று நம் பக்கம் இடிக்கல் என்பார்கள். குப்பத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் 'பிடுகு ராயி' என்பதும் இதைத்தான். உங்கள் அம்மா செய்ததும் புதிதில்லை. ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள் பலவற்றிலும் இந்தக் கோடரிகளை மரத்தடியில் வரிசையாக வைத்துப் பிள்ளையாராகவும் முனியப்பனாகவும் கும்பிடுகிறார்கள். சாதாரணக் கல் இல்லை, யாரோ வேலை செய்த கல் என்று கண்டுகொண்டதால்தான் அதைக் காலில் மிதிபடாமல் எடுத்து வைத்தார்கள். அந்தக் கண்டுகொள்ளலை நான் மதிக்கிறேன்.

கல் என்ன கல் என்றால், நம் பக்கத்துக் குன்றுகளில் வெளுத்த பாறைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை நீண்டு ஓடுமே, அது. டோலரைட் என்பார்கள். இன்று குவாரிகளில் கறுப்பு கிரானைட் என்று வெட்டுவதில் பெரும்பகுதி இந்த வகைதான். முதலில் அதைப் பெரிய சில்லுகளாகத் தட்டி உருவம் எடுப்பார்கள். அப்புறம் அம்மி கொத்துகிற மாதிரி மேலெல்லாம் பொடிப்பொடியாகக் கொத்தி மேடுபள்ளம் போக்குவார்கள். கடைசியில் தண்ணீரும் மணலும் விட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்துப் பாறையே குழிந்துபோயிருக்கும். பெல்லாரிக்குப் பக்கத்தில் சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் இந்தக் கோடரிகளை ஒரு பட்டறை போலவே செய்து தள்ளியிருக்கிறார்கள். தேய்த்த குழிகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அடுத்த முறை மேடைக்குப் போகும்போது, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூர்முனை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருந்தால் கோடரி. ஒரு பக்கம் மட்டும் சரிந்து மறுபக்கம் தட்டையாக இருந்தால் அது வாய்ச்சி, மரம் செதுக்கப் பயன்பட்டது. குறுகிய பின்பகுதியை விரலால் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் அது வேலை முடியாமல் விட்டதில்லை. கட்டைப் பிடியில் செருகினால் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று விட்டது. கூர்முனையில் சின்னச் சின்ன மூளிகள் இருந்தால், அது மரத்தில் இறங்கி வேலை செய்த கோடரி.

கல் கோயிலிலேயே இருக்கட்டும். ஆனால் எந்தச் சர்வே எண், எந்த மூலை, எத்தனை அடி ஆழம், கூடப் பானை ஓடு வந்ததா, சாம்பல் நிற மண் வந்ததா என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நகலைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள். கோடரி கல்லால் ஆனது, காத்திருக்கும். அது கிடந்த இடம் அடுத்த உழவில் கலைந்துபோகும்.

கேள்வி: சக்கரம் இல்லாமல் பானை செய்தார்கள் என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சக்கரம் இல்லாமல் எப்படிப் பானை உருண்டையாக வரும்? கையால் செய்தது எது, சக்கரத்தில் செய்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — ஒரு வாசகி, குப்பம்

இதைத்தான் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் அம்மா. நான் பிறந்தது குயவர் வீடு. படித்துப் பள்ளிக்கூட வேலைக்கு வந்தவள் எங்கள் வீட்டில் நான்தான் முதல். முப்பது வருடம் சரித்திரம் நடத்தினாலும், பானையைப் பற்றி நான் கற்றது எங்கள் ஆயாவிடம்.

எங்கள் வீட்டில் சக்கரத்தில் உட்காருவது தாத்தா. ஆனால் சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு அடிப்பாகமே இருக்காது. கழுத்தும் தோளும் மட்டும் வடிவாக வரும், கீழே திறந்து கிடக்கும். ஒரு பொழுது நிழலில் இறுகியதும் ஆயா அதை மடியில் கவிழ்த்துக்கொள்வார். உள்ளே இடது கையில் ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே வலது கையில் தட்டுப்பலகையால் தட்டுவார். கல்லும் பலகையும் சந்திக்கிற இடத்தில் மண் மெலிந்து நீளும். தட்டித் தட்டித் திருப்புவார். ஓட்டை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் மூடிக்கொள்ளும். தட்டுகிற சத்தம் மாறுவதைக் கேட்டே "இந்த இடம் போதும்" என்பார். நம் சோற்றுப்பானையின் உருண்டை வயிறு சக்கரம் தந்ததில்லை, ஆயாவின் கை தந்தது.

இப்போது உங்கள் மகளின் பாடத்துக்கு வருகிறேன். புதிய கற்காலத்துப் பெண்களும் ஆண்களும் கழுத்தையும் கையாலேயே செய்துகொண்டார்கள். மண்ணைக் கயிறாக உருட்டி, முறுக்குப் பிழிகிற மாதிரி சுற்றுமேல் சுற்றாக அடுக்கி, இணைப்பை விரலால் அழுத்தி வழித்து, அப்புறம் கல்லும் பலகையுமாகத் தட்டினார்கள். பிற்பாடு அடியில் ஒரு தட்டை வைத்துக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே செய்யும் பழக்கமும் வந்தது. வேகமாகச் சுழலும் சக்கரம் அதற்கும் பின்னால்தான்.

கண்டுபிடிக்க வழி ஒன்று உண்டு. ஓட்டின் வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாவற்றையும் தேய்த்து மறைத்திருப்பார்கள். கழுத்தும் தோளுமான ஓடாக எடுத்து உட்பக்கத்தைத் தடவுங்கள், வயிற்றுப் பகுதியைச் சக்கரம் வந்த பிறகும் தட்டித்தான் செய்தார்கள். சக்கரத்தில் செய்ததென்றால் கிராமபோன் தட்டு மாதிரி ஒன்றுக்கொன்று இணையான மெல்லிய வரிகள் சுற்றிப்போகும். கையால் செய்ததென்றால் வரி இருக்காது. ஆழமில்லாத குழிகள் இருக்கும், உள்ளே பிடித்த கல்லின் அச்சு. ஓடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். சில ஓடுகளில் கழுத்துக்குக் கீழே விரல் நுனி அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். பானையைச் சுற்றி மண்பட்டை ஒட்டி, அழகுக்காக அழுத்தியது. என் சுண்டுவிரல் அப்படி ஒரு பள்ளத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறது. அந்த ஓட்டைக் கீழே வைக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பானைகளில் பெரும்பாலானவை சாம்பல் நிறம். அதே ஏரி மண்தான், மண்ணில் இரும்புச்சத்தும் இருக்கிறது, ஆனால் நம் பானை மாதிரி சிவக்கவில்லை. திறந்த வெளியில் விறகும் வறட்டியும் போட்டு மூடிச் சுடும்போது காற்று போதாமல் புகை பானைக்குள்ளேயே தங்கிவிடும். உடைந்த விளிம்பைப் பாருங்கள், நடுவில் கறுப்பாகக் கரி மாதிரி ஒரு கோடு தெரியும். ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கியிருப்பார்கள். சிலவற்றில், சுட்டு எடுத்த பிறகு, வாய் விளிம்பிலும் தோளிலும் செங்காவி பூசியிருப்பார்கள். சுட்டபின் பூசியதால் அந்தக் காவி அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குன்றடியில் பிள்ளைகளோடு போய் ஒரு கோணி நிறைய ஓடு பொறுக்கி வந்தேன். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொன்றையும் பளிச்சென்று தேய்க்க வைத்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. மண் என்று நினைத்தேன். அது மண் இல்லை, காவி என்று தெரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. எந்த ஓடு எங்கே கிடந்தது என்ற குறிப்பும் எடுக்கவில்லை. அந்தக் கோணி அந்தப் பள்ளியின் மூலையில் இருந்து, ஒரு வெள்ளையடிப்பின்போது குப்பைக்குப் போனது.

கேள்வி: நம் முன்னோர் கற்காலத்திலேயே கேழ்வரகுக் களி சாப்பிட்டார்கள் என்று ஒரு பேச்சில் கேட்டேன். உண்மையா? — ஒரு மாணவர், பலமனேர்

களி நம் ஊனோடு கலந்துபோனதால் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கேழ்வரகின் தாய்நாடு கிழக்கு ஆப்பிரிக்கா. அது கடல் கடந்து வந்த பயிர்.

தென்னிந்தியாவின் முதல் உழவர்கள் சாப்பிட்டது வேறு. கொள்ளு, பச்சைப்பயறு, அதோடு இரண்டு சின்னத் தானியங்கள். அவற்றில் ஒன்று குலசாமை. உங்கள் ஆந்திரப் பக்கம் அண்டு கொர்ர என்றும், கன்னடத்தில் கொரலே என்றும் சொல்வார்கள். அனந்தபூர், தும்கூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் இன்னும் விதைக்கிறார்கள். மற்றொன்று தினைக்கு உறவு. இன்று துணியில் ஒட்டிக்கொள்ளும் களையாக வரப்பில் நிற்கிறது, யாரும் அதை உணவென்று நினைப்பதில்லை. கொள்ளு இந்தத் தீபகற்பத்து மண்ணிலேயே பயிரானது. கோதுமையும் பார்லியும் சில ஊர்களில் கொஞ்சம் கிடைத்திருக்கின்றன. அவை வடக்கேயிருந்து வந்தவை.

எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். அடுப்பில் தவறி விழுந்து கருகிய தானியம் மக்காது. அகழ்ந்த மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் போகும், கரி மிதக்கும். மிதப்பதை மெல்லிய சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தி, உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். கொள்ளு கருகினாலும் கொள்ளு வடிவம் மாறாது. கறுப்பு மணிதான், ஆனால் உங்கள் வீட்டு டப்பாவில் இருப்பதுதான். லண்டனைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் டோரியன் ஃபுல்லர் இந்த முறையில் கர்நாடக, ஆந்திர ஊர்களில் தானியங்களை ஆராய்ந்துதான் மேலே சொன்ன பட்டியலை உறுதிப்படுத்தினார். நமக்கு அருகில், திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியிலும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

சோளக்கொல்லையில் காய்கிற வெயிலுக்கும் கரட்டு மண்ணுக்கும் கொள்ளைவிடப் பொருத்தமான பயிர் இன்றைக்கும் நமக்கு இல்லை. உங்கள் வீட்டில் கொள்ளு ரசம் வைத்தால், அதுவே நீங்கள் தேடும் பழைய சாப்பாடு.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். கல்யாணதுர்கம் பக்கம் பாலவாயியில் சாம்பல் குன்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பீமன் அரக்கனை எரித்த சாம்பல் என்கிறார்கள். — ஒரு வாசகர், வி.கோட்டா

பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளுக்கும் அதே கதைதான் அண்ணா. இடிம்பனைப் பீமன் கொன்று எரித்த சாம்பல் என்று அங்கே சொல்வதை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் என்று நினைத்த வெள்ளைக்காரர்களும் உண்டு. சாணத்தை எரித்த சாம்பல் என்று சரியாக யூகித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவர்தான்.

அதை நிரூபித்தது 1957-ல் உட்னூரில், இன்றைய தெலங்கானாவில், தொல்லியல் அறிஞர் ரேமண்ட் ஆல்ச்சின் நடத்திய அகழாய்வு. மேட்டை வெட்டிப் பார்த்தால் மரக்கம்பு நட்டு அடைத்த பட்டியின் குழிகள் வரிசையாக இருந்தன. மாட்டுக் குளம்பின் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. அது மாட்டுப்பட்டி. சாணம் மலையாகக் குவிந்ததும் கொளுத்தியிருக்கிறார்கள். மறுபடி பட்டி அடைத்து, மறுபடி கொளுத்தியிருக்கிறார்கள். ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பல அடுக்குகள். சில இடங்களில் சூடு தாங்காமல் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாகியிருக்கிறது.

ஏன் கொளுத்தினார்கள் என்பதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான கேள்வி. சாணம் எருவாகும், வறட்டியாகும், அதன் மதிப்பு மாடு வளர்ப்பவனுக்குத் தெரியாதா? ஆல்ச்சின் அதைத் திருவிழா நெருப்போடு சேர்த்துப் பார்த்தார். நமக்கு வடமேற்கே கன்னட நாட்டில் சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி, அலங்கரித்த மாடுகளை அந்த நெருப்பைத் தாண்ட ஓட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். 'கிச்சு' என்பார்கள். நான் சின்னப் பெண்ணாக எங்கள் பெரியம்மா ஊரில் பார்த்திருக்கிறேன். மாடு நெருப்பைக் கண்டு ஒரு கணம் நின்று, பின்னால் விரட்டும் சத்தத்தில் தாண்டும்போது அதன் கொம்பில் கட்டிய பலூன் வெடிக்கும். உட்னூரைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு அந்த வாசனைதான் வந்தது.

பாலவாயி மேடும் இந்த வகைதான். லாரியை ஓரம் கட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சாம்பலை உரத்துக்கென்று அள்ளிப் பல மேடுகள் தேய்ந்துவிட்டன, இருப்பதையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: மயிலாடும்பாறையில் 4200 ஆண்டு பழைய இரும்பு என்று செய்தி வந்தது. அப்படியானால் கற்காலம் எப்போது முடிந்தது? — ஒரு வாசகர், பர்கூர்

உங்கள் ஊருக்குப் பக்கத்து இடம் அது, தொகரப்பள்ளிப் பக்கம். அங்கே கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்ததை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே அறிக்கையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை இரண்டு. அங்கே புதிய கற்காலத்தின் பிற்பகுதி கி.மு. 2200-க்கு முன்பே தொடங்கிவிட்டது. இரும்புக் காலத்துக்கு உரியதென்று நாம் பாடம் நடத்திய கறுப்பு சிவப்புப் பானை, அந்தப் புதிய கற்காலத்திலேயே வந்துவிட்டது.

1947-ல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் தொல்லியல் அறிஞர் வீலர் அகழ்ந்தபோது, கற்கோடரி மக்கள் கீழே, பெரிய கற்களால் கல்லறை கட்டி இரும்பும் பயன்படுத்திய பெருங்கற்கால மக்கள் மேலே என்று அடுக்கு பிரித்தார். வகுப்பில் நானும் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் இரும்பு என்றே நடத்தினேன். ஊரில் அப்படிக் கோடு இருக்காது. எங்கள் வீட்டில் அலுமினியக் குண்டான் வந்த பிறகும் இருபது வருடம் குழம்பு மண்சட்டியில்தான் கொதித்தது.

கேள்வி: பையம்பள்ளிக்கு எப்படிப் போவது? — ஒரு வாசகர், குப்பம்

குப்பத்தில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூர் வழியாகப் போகலாம். 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த இடம். தரையில் குழி தோண்டி, மேலே கூரை போட்டு வாழ்ந்த வீடுகளை அங்கே கண்டார்கள். குழிகளை மூடிவிட்டார்கள், மலையையும் மண்ணையும்தான் பார்க்க முடியும். கற்கோடரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், ஃபூட் சேகரித்தவை அங்கே இருக்கின்றன.

கேள்வி: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஒரு பானை வந்தது. உள்ளே சின்ன எலும்புகள். ஆட்கள் பயந்து உடைத்து ஏரிக்கரையில் போட்டுவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் தோஷம் என்கிறார்கள், வேலை நின்றுபோயிருக்கிறது. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பயமாக இருக்கிறது. — ஒரு வாசகி, நகரி

முதலில் பயத்தை விடுங்கள் கண்ணு. அது யாரும் உங்களுக்கு வைத்தது இல்லை.

நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மக்கள், பெரியவர்கள் இறந்தால் நீட்டிப் படுக்க வைத்துப் புதைத்தார்கள். கைக்குழந்தை இறந்தால் பானைக்குள் வைத்தார்கள். அந்தப் பானையைப் பல ஊர்களில் வீட்டுத் தரைக்குள்ளேயே புதைத்தார்கள். பெல்லாரிப் பக்கம் தெக்கலகோட்டையில் அப்படிக் கிடைத்திருக்கிறது. காட்டில் தள்ளிப் போடவில்லை. தாங்கள் படுக்கிற இடத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிந்திய பெருங்கற்காலத்திலும் தாழியில் எலும்பு வைக்கும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருந்தது. இரண்டில் எதுவானாலும், தங்கள் பிள்ளையை, தங்கள் பெரியவர்களை அக்கறையோடு வைத்த இடம். அதில் உங்களுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ஒரு விளக்கேற்றிக் கும்பிட விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரரை இன்றே ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். ஓடுகளையும் எலும்புகளையும் முடிந்தவரை பொறுக்கி வரட்டும். கிராம வருவாய் அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மண்ணில் கிடைத்த பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லி 1878 முதலே சட்டம் இருக்கிறது. வீட்டைப் பறித்துக்கொள்வார்கள் என்று பக்கத்தில் யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். வந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், குறிப்பு எழுதுவார்கள்.

ஓடுகளைக் கழுவ வேண்டாம். உட்பக்கம் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டவும் வேண்டாம், அதில் கருகிய தானியம் இருக்கலாம். பாலிதீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். கடைக்கால் குழியின் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில், வாய் மேலே இருந்ததா கவிழ்ந்திருந்ததா என்று தோண்டிய ஆட்களையே கேட்டு ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.